கோளும் மீனும்: சூரியக் குடும்பத்தைத் தமிழில் கற்றல்



சூரியக் குடும்பத்தைக் கற்றல் என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். நான் வானியலாளன் அல்லன், மொழியியல் பயின்றவன். ஆதலின் கோள்களின் எடையையும் தொலைவையும் அடுக்கிக் கூறுவதை விடுத்து, அவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் நமக்கு எதைக் காட்டுகின்றன, எங்கே நம்மைத் தடுமாறச் செய்கின்றன என்பதை ஆராய விழைகின்றேன். நான் வலியுறுத்த வந்த கருத்து ஒன்றே. பெயர்களை மனப்பாடம் செய்வது அறிவாகாது. பொருள்களை வகைப்படுத்தத் தெரிவதே அறிவு. அவ்வாறு வகைப்படுத்தும் முறை தமிழில் பழங்காலந்தொட்டே உண்டு. அதனை நாம் கையாளாமல் விட்டுவிட்டோம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலையில் நாள்மீன், கோள்மீன் என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. அசுவினி முதல் ரேவதி வரை நாளைக் கணக்கிட உதவும் விண்மீன்கள் நாள்மீன்கள். ஒன்றற்கொன்று அவை நிற்கும் இடைவெளி நம் வாழ்நாளில் மாறுவதாகக் கண்ணுக்குத் தோன்றாது. அவற்றினூடே நாள்தோறும் சிறிது சிறிதாக இடம்பெயர்வன கோள்மீன்கள். தொலைநோக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, வெறுங்கண்ணால் நெடுநாள் உற்றுநோக்கிய மக்கள் செய்த பகுப்பு இது. வானத்தில் ஒளிர்வன எல்லாம் ஒரே இனம் அல்ல என்பதை அடைமொழி ஒன்றினாலேயே அவர்கள் உணர்த்திவிட்டனர்.

கோள் என்னும் சொல்லைக் காண்போம். கொள் என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு கோள் ஆயிற்று. பெறு என்பது பேறு எனவும், கெடு என்பது கேடு எனவும் ஆனதைப் போன்றது இது. இலக்கண நூலார் இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். வடமொழியில் கிரகம் என்பதற்கும் பற்றுவது என்பதே வேர்ப்பொருள். கிரேக்கர்களோ அலைந்து திரிவது என்னும் பொருளில் பெயரிட்டனர். ஆங்கிலச் சொல் அதனின்றும் வந்தது. கண்ட காட்சி ஒன்று. ஒரு சாரார் அதன் பற்றுதலை நினைத்தனர், மறுசாரார் அதன் அலைவை நினைத்தனர். இன்று நம் பிள்ளைகளுள் பலருக்குக் கோள் என்றவுடன் பிறரைப் பற்றிக் கோள் சொல்வதே நினைவுக்கு வருகிறது. வானத்துக் கோளையும் அவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியது நம் கடமை.

அடுத்து, எண்ணிக்கையால் விளையும் ஒரு மயக்கம். நவக்கிரகம் ஒன்பது. 1930 முதல் 2006 வரை பள்ளிப் பாடநூல்கள் காட்டிய கோள்களும் ஒன்பது. ஆகவே, முன்னோர் சொன்ன ஒன்பதும் அறிவியல் சொன்ன ஒன்பதும் ஒன்றே என நம்மவர் சிலர் கருதுகின்றனர். எண் ஒன்றாயினும் பொருள் வேறு. நவக்கிரகத்துள் ஞாயிறும் திங்களும் அடங்கும். ஞாயிறு ஒரு விண்மீன். திங்கள் புவியின் துணைக்கோள். இராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. திங்களின் பாதை, ஞாயிறு செல்வதாகத் தோன்றும் பாதையை வெட்டும் இரு புள்ளிகள் அவை. கிரகணங்கள் அப்புள்ளிகளின் அருகே நிகழ்வதால், கிரகணத்தைக் கணிக்க அவை இன்றியமையாதவை. எஞ்சிய ஐந்தும், அதாவது புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவை, இரு பட்டியலுக்கும் பொது. நாம் நிற்கும் புவி பழைய பட்டியலில் இல்லை. யுரேனசும் நெப்டியூனும் இல்லை. முன்னது புவியில் நின்று பார்ப்போன் வகுத்த பட்டியல். பின்னது ஞாயிற்றை நடுவில் வைத்து வகுத்த பட்டியல்.

இதனால் பழைய சொற்களைப் புறக்கணித்துவிடலாம் என்று எவரும் கருத வேண்டா. ஏழரைச் சனி என்னும் வழக்கினை எடுத்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் ஆகும். அதனைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பகிர்ந்தால் ஓர் இராசிக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. மூன்று இராசிகளைக் கடக்க ஏழரை ஆண்டு. பலன் கூறும் நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஏழரைக்குள் ஒரு கோளின் சுற்றுக்காலம் பொதிந்திருக்கிறது. கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவதும், வியாழன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டில் ஒரு சுற்றை முடிப்பதனாலேயே. பாட்டி வாயில் வழங்கும் இச்சொற்களைப் பேரப்பிள்ளையின் அறிவியல் பாடத்தோடு பொருத்திக் காட்ட ஒருவர் இருந்தால், இரண்டுமே விளங்கும்.

அறிவியலும் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டே வந்துள்ளது. 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் ஜுசெப்பே பியாசி என்பவர் சீரிஸ் என்னும் பொருளைக் கண்டார். சில பதின்ஆண்டுகள் அது கோள் எனவே எண்ணப்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அதைப் போன்றவை மேன்மேலும் காணப்படவே, அது கோள்வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. 1930இல் கிளைடு டாம்பா கண்ட புளூட்டோவுக்கும் பின்னாளில் இதுவே நேர்ந்தது. நெப்டியூனுக்கு அப்பால் பல பொருள்கள் வெளிப்பட்டன. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ், நிறையில் புளூட்டோவையும் விஞ்சியது. அதையும் பத்தாவது கோள் என்பதா, அன்றிக் கோள் என்றால் என்ன என்று வரையறுப்பதா என்னும் வினா எழுந்தது.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், பிராக் நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனைகளை வகுத்தது. கோள் என்பது ஞாயிற்றைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே ஏறத்தாழ உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும். தன் பாதையை ஒட்டிய பகுதியில் பிற பொருள்கள் நெருங்கிக் கிடக்காதவாறு அப்பகுதியைத் தன்வயப்படுத்தியிருக்க வேண்டும். புளூட்டோ முதலிரண்டையும் நிறைவுசெய்தது; மூன்றாவதில் தவறியது. புளூட்டோவில் மாற்றம் ஏதுமில்லை. சொல்லின் எல்லைதான் மாறிற்று. சொல்லாய்வு செய்யும் எம்போன்றோர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இனித் தமிழ்க் கலைச்சொற்களைப் பார்ப்போம். புளூட்டோ போன்றவற்றைக் குறுங்கோள் என்றும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெருந்தொகையாகச் சுற்றுவனவற்றைச் சிறுகோள் என்றும் வழங்குகின்றோம். சிறுகோளுக்குரிய ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் விண்மீன் போன்றது என்பது. தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளியாகத் தோன்றியமையால் அப்பெயர் ஏற்பட்டது. அதனைவிடச் சிறுகோள் என்னும் தமிழ்ச் சொல் உண்மைக்கு நெருக்கமானது. ஆயினும் ஒரு குறை உண்டு. குறுமை, சிறுமை ஆகிய இரண்டும் சிறியது என்றே பொருள்படும். வரையறையைக் கற்பிக்காமல் சொல்லை மட்டும் கொடுத்தால் மாணவர்க்கு வேறுபாடு விளங்காது. ஆசிரியர்கள் இவ்விரு சொற்களையும் ஒரே பொருளில் மாறிமாறி எழுதாதிருக்க வேண்டும்.

வால் நட்சத்திரம், எரி நட்சத்திரம் என்பன வேறு வகையில் வழிதவறச் செய்கின்றன. முன்னது பனியும் தூசியும் கலந்த ஒரு சிறு பொருள். பின்னது வளிமண்டலத்துள் புகுந்து ஒளிரும் துகள். இரண்டும் நட்சத்திரங்கள் அல்ல. ஆனால் வால்மீன், எரிமீன் என்பவற்றில் இப்பிழை இல்லை. மின் என்னும் அடியோடு தொடர்புடைய மீன், ஒளிர்வது என்னும் பொதுப்பொருள் உடையது. வாலுடன் ஒளிர்வது வால்மீன். எரிந்து ஒளிர்வது எரிமீன். எரியாமல் எஞ்சித் தரையில் விழுந்தது விண்கல். எளிய சொற்கள் மூன்றும் மூன்று நிலைகளைத் தெளிவுறக் காட்டுகின்றன.

அறிவியலை ஆங்கிலத்தில் கற்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இச்சொற்கள் எதற்கு என ஒருவர் வினவலாம். நியாயமான வினா. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இவை பாடநூற்சொற்கள். இங்கோ தேர்வுக்கு இவை தேவைப்படா. ஆனால் பள்ளியில் கற்றதைத் தாத்தாவிடம் சொல்ல முயலும் பிள்ளை, சொல் கிடைக்காமல் பாதியில் நிறுத்திவிடுகிறது. அவ்வாறு நிறுத்திய பேச்சுகள் பெருகப் பெருக, தமிழ் உணவுக்கும் உறவுக்கும் மட்டுமே உரிய மொழியாகச் சுருங்கிவிடும். நான் அஞ்சுவது இதையே.

பெற்றோர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கின்றேன். நாம் நிலநடுக்கோட்டின் அருகே வாழ்கின்றோம். கோள்கள் நம் வானில் மிக உயர்ந்து செல்லும். நகர விளக்கொளியிலும் வெள்ளியும் வியாழனும் மறைவதில்லை. வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நின்றே அவற்றைக் காணலாம். ஒரு கோளைக் காட்டி, அருகிலுள்ள விண்மீனிலிருந்து அது எத்துணை விலகியுள்ளது எனக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர், இது நாள்மீனா, கோள்மீனா என்று தமிழில் கேளுங்கள். விடையைப் பிள்ளையே கண்டு சொல்லட்டும்.

1986இல் வந்துசென்ற ஹேலி வால்மீன் 2061இல் மீண்டும் வரும். என் போன்றோர் அன்று இருக்கமாட்டோம். இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலர் அதனைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவர். அப்போது அதன் பெயரையும் இயல்பையும் தமிழிலும் எடுத்துரைக்க அவர்களால் இயல வேண்டும். அதற்குரிய பழக்கத்தை இன்றே வீட்டில் தொடங்குவோம்.