மாணவர் இசையேடும் அதன் திருத்தமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெரியோர் பேசுவது வழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் என்னை இம்முறை பேசப் பணித்ததற்குக் காரணம் ஒன்றே. நம் அக்ரஹாரத்துப் பிள்ளைகள் அறுவர் சேர்ந்து ஓர் இசையேடு தயாரித்தார்கள். அதனைத் திருத்தும் பணியில் யானும் சில மாதங்கள் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். இசையில் எனக்குள்ள புலமை, கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துத் தாளம் போடும் அளவே. ஆனால் திருத்தம் என்பது எங்கள் இலாகாவில் நாள்தோறும் நடப்பது. விதிப் புத்தகத்தில் ஒரு சொல் மாறினாலும் திருத்தச் சீட்டு வரும். அதை உரிய பக்கத்தில் ஒட்டிக் கையொப்பமிட வேண்டும். பேரேட்டில் பிழை நேர்ந்தால் அழிக்கலாகாது. பிழை தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து மேலே சரியானதை எழுத வேண்டும். அந்தப் பழக்கம் ஒன்றே யான் பிள்ளைகளுக்குக் கொடுத்த மூலதனம்.

பள்ளியில் செய்முறைப் பணியாக ஒரு பத்திரிகை வடிவமைக்க வேண்டும் என்று சொன்னார்களாம். பிள்ளைகள் இசையைத் தேர்ந்தெடுத்தார்கள். மாணவர் ஏடு நடத்துவது நம்மவர்க்குப் புதிதன்று. திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்த காலத்தில் மு. கருணாநிதி அவர்கள் ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து ஏட்டை நடத்தியதைப் பலரும் அறிவர். நம் பிள்ளைகள் கணிப்பொறியில் செய்தார்கள். அட்டையில் ஒரு வீணை. உள்ளே திரைப்படப் பாடகர்களின் படங்கள். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு வண்ணம், வேறு வேறு எழுத்துரு. இருபத்து நான்கு பக்கங்களில் பாட்டு என்று இருந்தது ஒரே பக்கம். அதுவும் மலஹரி ராகத்தில் ஒரு கீதம். பள்ளியில் நல்ல மதிப்பெண் கிடைத்தது. மகிழ்ச்சியில் நாற்பது படிகள் எடுத்து நம் காலனி வீடுகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். அத்துடன் முடிந்திருக்க வேண்டிய காரியம், முடியவில்லை.

தியாகராஜ சாலைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பாட்டி அந்த ஏட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முறையாக வித்துவானிடம் அமர்ந்து கற்றவர் அல்லர். அக்காள் கற்றதைத் தூணோரம் நின்று கேட்டுப் பாடமானவர். கீதத்தின் தலைப்பில் பிள்ளைகள் அச்சிட்டிருந்த ஆரோகணத்தைப் பாடிப் பார்த்துவிட்டு, “ஏண்டி கொழந்தே, மலஹரிக்கு ஏறறச்சே காந்தாரம் எங்கேடி வந்தது?” என்று கேட்டாராம். பிள்ளைகள் விழித்தார்கள். மலஹரியில் ஏறும்போது ஸ, ரி, ம, ப, த, ஸ என்பதே முறை. காந்தாரம் இறங்கும்போது மட்டுமே உண்டு. நிஷாதம் இரண்டிலும் இல்லை. பயிற்சி தொடங்கும் சிறுவர் யாவரும் முதன்முதல் பாடும் கீதங்கள் இந்த ராகத்திலேயே அமைந்தவை. புரந்தரதாசர் அருளியவை என்று வழங்குபவை. கன்னட நாட்டு மகான் வகுத்த பாடத்தைத் தமிழ்ப் பிள்ளைகள், அதுவும் மைசூரில் இருந்துகொண்டு, பிழையாக அச்சிட்டுவிட்டோமே என்று அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. நாற்பது படிகளையும் திரும்ப வாங்கிவிடலாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். வேண்டாம், எங்கள் அலுவலக முறைப்படி திருத்தச் சீட்டு ஒட்டுங்கள் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசைப் புட்டியோடு வீடு வீடாகப் புறப்பட்டார்கள். உண்மையில் அந்த ஏடு உருவானது அன்றுதான் என்பது என் கருத்து.

ஏனெனில், முதன்முறை ஏட்டைக் கொடுக்கப் போனவர்கள் வாசலோடு திரும்பினார்கள். இப்போது சீட்டு ஒட்டப் போனவர்களை உள்ளே உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, இன்னும் என்னென்ன பிழை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பிழை சொல்வதில் நம் காலனிக்கு ஈடு இல்லை அன்றோ!

ஒருவர் சொன்னார், மேல் ஸ்தாயிப் புள்ளி ஒன்றையும் காணோம் என்று. கணிப்பொறியில் அடித்த பக்கம் அச்சுக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுத்துரு மாறிப் புள்ளிகளும் கோடுகளும் உதிர்ந்துபோயிருந்தன. சுவரப்படுத்திய பக்கத்துக்குப் புள்ளியும் கோடுமே உயிர். எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, அடியில் வைத்தால் கீழ் ஸ்தாயி. மேலே ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிப்பு, இரு கோடு இழுத்தால் நான்கு மடங்கு. காற்புள்ளி ஓர் அட்சரம் நீட்ட, அரைப்புள்ளி இரண்டு நீட்ட. இவை போய்விட்டால் எஞ்சுவது வெறும் எழுத்துக் கூட்டம். இதில் தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் நம் கண்ணுக்கு அது மெய்யெழுத்து. எஞ்சி நின்ற ஓரிரு புள்ளிகளைக் கண்ட ஒரு சிறுவன், மேல் ஷட்ஜத்தை ‘ஸ்’ என்று படித்துப் பாம்புபோல் சீறினான். சுவரப் பக்கங்களை மட்டும் கையால் எழுதிப் படியெடுப்பது, மேல் ஸ்தாயிப் புள்ளியைச் சிவப்பு மையில் இடுவது என்று முடிவு செய்தார்கள்.

பெரிய குறை ஒன்று பிறகே தெரிந்தது. பாட்டிமார்க்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். பேரப்பிள்ளைகளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. வீட்டில் பேசுவதும் பாடுவதும் தமிழ்; படிப்பது வேறு. ஏட்டைத் தயாரித்த அறுவரில் தமிழை எழுத்துக் கூட்டாமல் படிக்க வல்லவர் இருவரே. மற்ற நால்வரும் தாம் செய்த ஏட்டைத் தாமே படிக்க இயலாமல் இருந்தார்கள். இதைச் சொல்லும்போது எவரையும் குறை கூறுகிறேன் என்று கொள்ளவேண்டா. என் வீட்டிலும் இதே நிலைதான்.

எந்த எழுத்தில் எழுதினால் யார் படிப்பார் என்னும் கவலை நமக்கு முன்னும் இருந்திருக்கிறது. 1893ஆம் ஆண்டில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்பவர், கீழ்நாட்டு இசையை மேனாட்டுக் குறியீட்டில் தரும் மாத வெளியீடு ஒன்றைத் தொடங்கினார். அவர் அரசாங்கச் செயலகத்தில் பணி செய்தவர், எம்.ஏ. படித்தவர். அலுவல் நேரம் போக மற்ற நேரத்தில், தியாகராஜ சுவாமிகளின் சீடர் வழியில் வந்த வாலாஜாப்பேட்டையார் வைத்திருந்த பாடங்களைக் கேட்டு, ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதினார். உலகத்தார் அனைவரும் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் நம் வித்துவான்களில் அக்குறியீட்டைப் படிக்க வல்லவர் மிகச் சிலர். அதைப் படிக்க வல்ல மேனாட்டார்க்கோ நம் கமகம் தெரியாது. இடையில் நின்ற அந்த ஏட்டுக்குக் கைப்பொருளையும் கண்ணொளியையும் இழந்தார் முதலியார்.

ஆயினும் அவர் முயற்சி வேறோர் இடத்தில் பலித்தது. முத்துசுவாமி தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்தார். தீட்சிதர் பாடல்கள் அவரிடம் இருந்தன. தாம் செய்ய இயலாததை அவரைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்று 1899-இல் எட்டயபுரம் மன்னரிடம் முதலியார் வேண்டிக்கொண்டார். அதன் பயனாகவே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. அதில் ஸ ரி க ம என்ற நம் எழுத்துமுறையே கையாளப்பட்டது. அசைவுக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்ந்த கோடு என்று கமகத்துக்கெல்லாம் தனிக் குறிகள் வகுக்கப்பட்டன. அச்சான நூலைக் காண முதலியார் உயிரோடில்லை. நூல் தெலுங்கு எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தில் அதனைச் சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. தமிழ்நாட்டு மண்ணில் அச்சான நூல் தமிழ் எழுத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, ஒரு பெண், “மாமா, நாம ரெண்டு எழுத்துலயும் எழுதிடலாமே” என்றாள். அவ்வாறே, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் கன்னடம் என்று இரண்டாம் ஏடு வகுக்கப்பட்டது. சொல்வது எளிது, எழுத உட்கார்ந்தபோதுதான் இரு எழுத்துக்களும் ஒன்றையொன்று கேலி செய்யத் தொடங்கின. தமிழில் வல்லினம் ஒரே வடிவம். ஒரு கச்சேரியைப் பற்றி எழுதிய மாணவன், ‘அன்றைய பாட்டில் பாவம் நிறைந்திருந்தது’ என்று எழுதியிருந்தான். அவன் கருதியது உள்ளத்து உணர்ச்சி. கன்னடப் பக்கத்துக்கு அதை மாற்றிய சிறுமியோ புண்ணியத்துக்கு எதிரான பாவத்தை எழுதிவிட்டாள்! நம் இசைநூல்களில் எழுத்தின் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறு எண் இட்டு இவ்வேற்றுமையைக் காட்டுவது வழக்கம், அதையே மேற்கொண்டார்கள்.

கன்னடத்தின் பக்கமோ வேறு சங்கடம். அங்கு இன்று ழகரம் இல்லை. பழங்கன்னடத்தில் இருந்து வழக்கொழிந்துபோயிற்று. ‘வாழி’ என்று வாழ்த்துவதைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்தால், நம் குழந்தை ‘வாளி’ என்று பாடுகிறது. தெய்வத்தை வாழ்த்த வேண்டிய இடத்தில் தண்ணீர் இறைக்கும் வாளி! பலவாறு ஆலோசித்து, கன்னட வரியின் நடுவே தமிழ் ‘ழ’வையே சிவப்பு மையில் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். இப்போது காலனியில் தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கும் அந்த ஓர் எழுத்துத் தெரியும்.

திரைப்படப் பாடகர் படங்கள் இருந்த பக்கங்களில் என்ன போடுவது என்பதில் சிறு பூசல் எழுந்தது. படங்கள் வேண்டும் என்பவர் மூவர், வேண்டா என்பவர் மூவர். ‘ஆடல் பாடல்’ என்ற தலைப்பில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயர் பூண்டு கல்கி அவர்கள் ஆனந்த விகடனில் எழுதிய காலத்தில் படத்துக்காகவா படித்தார்கள் என்று கேட்டேன். அவர் யார் என்று என்னைக் கேட்டார்கள். அந்தப் பேச்சை அத்துடன் விட்டேன். இரண்டு படங்கள் நின்றன. மற்ற இடத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரைப் பற்றிய கட்டுரை வந்தது. நெல்லைச் சீமைத் தமிழர்; நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர் அரண்மனை வித்துவானாகிச் சாமுண்டேசுவரியின் நூற்றெட்டு நாமங்களின் மீது கன்னடத்தில் கீர்த்தனங்கள் செய்தவர். அடுத்த பக்கத்தில், இவ்வூரிலிருந்து திருவையாறு சென்று பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்று வந்த மைசூர் வாசுதேவாசாரியார். ஒருவர் காவிரியின் மேற்கரைக்கு வந்தார், மற்றவர் கீழ்க்கரைக்குப் போனார் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அந்த வரியை யான் திருத்தவில்லை.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சொல்ல மனம் கூசுகிறது.

திருத்தச் சீட்டு ஒட்டப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, மலஹரிப் பிழையைக் கண்டுபிடித்த அந்தப் பாட்டி, பிள்ளைகளுக்கு ஒரு நலுங்குப் பாட்டுப் பாடிக் காட்டினார். அவருடைய தாயார் பாடியதாம். எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லையாம். பிள்ளைகள் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கைப்பேசியில் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டபோது, “தொண்டை கட்டியிருக்கு, இன்னொரு நாள் வாங்கோ” என்று சொல்லிவிட்டார். சுவரப்படுத்துவது பரீட்சைக்குப் பிறகு ஆகட்டும் என்று சொன்னவன் யான்தான். படிப்பு கெடக்கூடாது என்ற எண்ணம். தவறென்று அப்போது தோன்றவில்லை. பரீட்சை முடிந்து போனபோது பாட்டி காலமாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அவர் மகளுக்கு முதலடி மட்டும் ஒருவாறு நினைவிருக்கிறது. அதுவும் இரண்டு முறை பாடினால் இரண்டு விதமாக வருகிறது. ராகம் இன்னதென்று துணிய முடியவில்லை. தெரிந்த ராகம் ஒன்றில் நாமே அமைத்துவிடலாம் என்று ஒரு மாணவன் சொன்னான். மற்ற ஐவரும் ஒப்பவில்லை. பிறகு அவனும் ஒப்பவில்லை. ஆகவே நீங்கள் இன்று வாயிலில் பெற்றுக்கொண்ட இரண்டாம் ஏட்டின் பதினேழாம் பக்கத்தில், பாட்டின் சொற்கள் இரு எழுத்திலும் இருக்கும். சொற்களின் மேலே சுவரம் இருக்க வேண்டிய வரிகள் வெறுமையாக இருக்கும். அச்சுப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்பாட்டைத் தஞ்சைப் பக்கத்திலோ வேறெங்கோ கலியாண வீட்டில் கேட்டவர்கள் இவ்வவையில் எவரேனும் இருத்தல் கூடும். இருந்தால், இன்றிரவு விருந்து முடிந்ததும் நூல்நிலைய அறைக்கு வாருங்கள். பிள்ளைகள் அறுவரும் நோட்டும் பென்சிலுமாக அங்கே உட்கார்ந்திருப்பார்கள். சுருதிப் பெட்டியும் வைத்திருக்கிறார்கள்.