இளநிலைப் பட்டத்துக்கு அப்பால்: உயிரியல், மரபியல் உயர்கல்வி

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டுதோறும் இதே இடத்தில் நின்று கல்வியின் சிறப்பைப் பேசுகிறோம். "பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்" என்று கேட்டுக்கொண்டு அமர்ந்துவிடுகிறோம். எதைப் படிப்பது, எங்கே படிப்பது, எத்தனை ஆண்டுகள் ஆகும், செலவுக்கு என்ன வழி என்பனவற்றை விளக்கிச் சொல்வதில்லை. ஆகவே இவ்வாண்டு ஒரே ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சற்று விரிவாகப் பேச முடிவு செய்தோம். அத்துறை உயிரியலும் அதன் ஒரு பிரிவாகிய மரபியலும் ஆகும்.

இத்துறையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நமது பாலசமுத்திரத்திலும் சுற்றுப்புறத்திலும் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேரும் பிள்ளைகள், அநேகமாக மருத்துவராகும் கனவோடுதான் சேர்கிறார்கள். மருத்துவ இடம் கிடைக்காதபோது வீட்டில் துக்கம் நடந்ததுபோல் ஆகிவிடுகிறது. பிறகு "கிடைத்ததைப் படி" என்று விலங்கியலிலோ, நுண்ணுயிரியலிலோ, உயிரி தொழில்நுட்பவியலிலோ சேர்த்துவிடுகிறோம். மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டம் வருகிறது, வேலை வருவதில்லை. "இந்தப் படிப்பே வீண்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். படிப்பு வீணன்று. பாதி வழியில் இறங்கிக்கொண்டு, ஊர் வந்து சேரவில்லை என்று பேருந்தைக் குறை கூறுகிறோம்.

முதலில், இத்துறை நமக்கு அயலானதன்று என்பதைச் சொல்ல விரும்புகிறோம். நமது மாவட்டத்தின் விருப்பாச்சி மலைவாழையை அறியாதவர் இங்கே எவரும் இல்லை. பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பழம் அது. அந்த வாழையை முடிக்கொத்து நோய் தாக்கித் தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதனை ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குக் கொண்டுசெல்வது அசுவினிப் பூச்சி. நோயுற்ற தாய்மரத்தின் பக்கக் கன்றை எடுத்து நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். இதற்கு வழி கண்டது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களின் திசு வளர்ப்பு முறை. வாழையின் குருத்து நுனியில் வேகமாகப் பிரியும் செல்களுக்குள் பெரும்பாலும் வைரஸ் நுழைவதில்லை. அந்நுனியை மட்டும் நுட்பமாக வெட்டியெடுத்து, கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, வைரஸ் இல்லை என்று ஆய்வகத்தில் சோதித்த பிறகே கன்றுகளை மலைக்கு அனுப்பினார்கள். அக்கன்றுகளை உருவாக்கியவர்கள் முதுநிலைப் படிப்பையும் அதற்கு மேலும் படித்தவர்கள்.

2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். "பி.சி.ஆர். பரிசோதனை" என்ற சொல் நம் வீட்டு முதியவர்கள் வாயிலும் புழங்கியது. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் உள்ள சிறு துணுக்கு மரபுப் பொருளைப் பல கோடி மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை அது. அந்த ஆய்வகங்களில் இரவு பகலாக நின்றவர்களில் மருத்துவர்கள் மட்டுமல்லர், நுண்ணுயிரியலும் உயிரி தொழில்நுட்பமும் படித்தவர்களும் இருந்தார்கள். 2021-இல் சென்னையில் தமிழக அரசே வைரஸின் முழு மரபணுத் தொடரையும் படிக்கும் ஆய்வகத்தைத் தொடங்கியது.

இனிப் படிப்பின் படிகளைச் சொல்கிறோம்.

இளநிலை 3 ஆண்டுகள். முதுநிலை 2 ஆண்டுகள். அதன்பின் முனைவர் பட்ட ஆய்வு ஏறத்தாழ 5 ஆண்டுகள். 17 வயதில் தொடங்கும் பிள்ளை 27 அல்லது 28 வயதில் ஆய்வாளராக வெளியே வருகிறார். நீண்ட பாதை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் கடைசிப் படிவரை ஏற வேண்டும் என்பதும் இல்லை. முதுநிலையோடு நிறுத்திக்கொண்டு மருந்து நிறுவனங்களிலும், நோயறி ஆய்வகங்களிலும், விதை நிறுவனங்களிலும், ஆசிரியப் பணியிலும் சேர்வோர் பலர். இளநிலையோடு நிற்பவர்க்குத்தான் இத்துறையில் கதவுகள் மிகக் குறைவு.

முதுநிலையில் என்ன கற்பிக்கப்படுகிறது? மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்து 1866-இல் வெளியிட்ட பாரம்பரிய விதிகளிலிருந்து தொடங்கி, டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு, மரபணு செயற்படும் விதம், நோய் எதிர்ப்பியல், மரபணுப் பொறியியல் என்று பாடங்கள் விரிகின்றன. இன்று புள்ளியியலும் கணினியும் இன்றியமையாதவை. ஒரு மனிதரின் மரபுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றைக் கணினியின் துணையின்றிப் படிக்க இயலாது. ஆகவே கணிதத்தைக் கண்டு அஞ்சி உயிரியலுக்கு வரும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இறுதிப் பருவத்தில் மாணவர் தாமே ஓர் ஆய்வை மேற்கொண்டு அறிக்கை அளிப்பதும் உண்டு. ஆய்வுக்குத் தாம் பொருத்தமானவர்தானா என்பது பெரும்பாலோர்க்கு அப்போதுதான் விளங்குகிறது.

எங்கே படிப்பது? வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமக்கு அண்மையில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் நாடறிந்தது. மத்திய அரசின் உதவியோடு 1980-களின் நடுவில் உயிரி தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பைத் தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களுள் அதுவும் ஒன்று. அங்கே பணியாற்றிய பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன், உசிலம்பட்டி வட்டாரத்து மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து, ஆப்பிரிக்காவிலிருந்து தொல்மாந்தர் புறப்பட்டு வந்த பழைய வழியின் தடயம் அவர்களிடம் இருப்பதை உலகுக்குக் காட்டினார். கீழடிக்கு அருகே கொந்தகை முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளின் தொல்மரபணு ஆய்விலும் அப்பல்கலைக்கழகம் ஈடுபட்டுள்ளது. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மரபியல் துறை இருக்கிறது. பயிர் மரபியலுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஆனால் அதற்கு இளநிலையில் வேளாண்மையே படித்திருக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நாட்டின் முன்னணி நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வுகள் உள்ளன. ஐ.ஐ.டி.க்களும் அறிவியல் நிறுவனங்களும் முதுநிலைச் சேர்க்கைக்கு "ஜாம்" தேர்வைக் கொள்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனேயே ஐந்தாண்டுப் படிப்பில் சேர விரும்புவோர்க்குத் திருப்பதி, திருவனந்தபுரம் முதலிய இடங்களில் "ஐசர்" எனப்படும் அறிவியல் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அறிவிப்புகள் பல சமயம் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே வந்துவிடுகின்றன. நாம் விசாரிக்கத் தொடங்குவதோ தேர்வு முடிவு வந்த பின்பு.

இப்போது நமது சொந்தக் குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவைச் சேர்ந்த ஒரு மகள் விலங்கியலில் நல்ல மதிப்பெண்களுடன் பட்டம் பெற்று, முதுநிலையில் இடமும் பெற்றாள். தந்தை சைக்கிளில் துணி விற்பவர். விடுதிக் கட்டணத்துக்கு உதவி வேண்டி நமது கல்வி நிதிக்கு மனுச் செய்தார்கள். "முதல் பட்டத்துக்கு மட்டுமே உதவி" என்று நமது விதி கூறியது. விதியைத் தளர்த்தலாமா என்று நாங்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் சேர்க்கையின் கடைசி நாள் கடந்துவிட்டது. அப்பெண் இன்று படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலையில் இருக்கிறாள். எங்களைப் பார்க்கும்போது இன்றும் மரியாதையாக ஸலாம் சொல்கிறாள். பதில் சொல்லும்போது எங்களுக்குத்தான் தலை குனிகிறது.

அந்த மனுவைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஓர் உண்மை புரிந்தது. இளநிலை மாணவர்க்கு ஓரளவு உதவிகள் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும் முதல் பட்டத்தை நோக்கியதே. மறுபுறம், "நெட்" தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றுவிட்டால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் ஆய்வுதவித் தொகை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தகுதி உயரும்போது 42,000 ரூபாய். அந்நிலையை எட்டியவர் வீட்டுக்குப் பாரமாக இருப்பதில்லை. ஆக, ஏணியின் அடிப்படியிலும் உச்சிப்படியிலும் பிடிமானம் இருக்கிறது. நடுவில் உள்ள முதுநிலையின் 2 ஆண்டுகளும், தேர்வுக்குத் தயாராகும் ஓராண்டும்தான் பிடிமானம் இல்லாத இடம். நம் பிள்ளைகள் விழுவது அங்கேதான். நமது விதியோ சரியாக அந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சிறுபான்மை மாணவர்களின் ஆய்வுக்கென 2009-இல் வந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வுதவி, 2022-இல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. இன்னும் சிலர் அதை நம்பிப் பிள்ளைகளுக்கு வழி சொல்கிறார்கள். இன்று நெட் தேர்வே முதன்மையான வழி.

இக்கல்வி நம் வீடுகளுக்கு ஏன் தேவை என்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. அதைப் பேசத் தயங்கினோம். ஆனால் பேச வேண்டியது. சொந்தத்தில் மணம் முடிப்பது நம்மிடையே வழக்கம். மாமன் பிள்ளை, மாமி பிள்ளையை மணப்பது மார்க்கம் அனுமதித்த ஒன்று. அதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. மரபியல் சொல்வது இதுதான்: பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கக்கூடும். உடன்பிறந்தார் பிள்ளைகள் தமக்குள் மணந்தால் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த மறைந்திருக்கும் குறையுள்ள மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு உண்டு என்பதே காரணம். மிகப் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் தலசீமியா போன்ற இரத்த நோய்க்குரிய மரபணுவைத் தாய் தந்தை இருவருமே சுமந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அந்நோய்க்கு வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனையில் அதை அறியலாம். குறையோடு பிள்ளை பிறந்தால் தாயைப் பழிக்கும் கொடுமை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மறைந்திருக்கும் மரபணு தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்றே வருகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல, நம் மொழியில், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசக்கூடிய மரபியல் படித்த ஒருவர் நமக்கு வேண்டும்.

முன்னோடிகள் இல்லாத துறையும் அன்று இது. 1897-இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்று, கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் மரபியலை ஆராய்ந்தார். பெண் மக்களை வெளியூர் அனுப்ப அஞ்சுகிற நாம், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஒரு பெண் கடல் கடந்து சென்றதை எண்ணிப் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் 1932-இல் பிறந்த உபைத் சித்தீகீ, அலிகரில் பயின்று, கிளாஸ்கோவில் ஆய்வு முடித்து, 1962-இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். பழ ஈக்களை வைத்து நரம்புகளின் மரபியலை ஆராய்ந்த அவர், பின்னர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தையும் உருவாக்கினார். 2006-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. இன்று அந்த மையத்தில் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் ஆய்வு செய்கிறார்கள்.

ஆகவே இப்பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, கல்வி நிதி விதியில் உள்ள "முதல் பட்டத்துக்கு மட்டும்" என்ற வரியைத் திருத்தி, முதுநிலையின் 2 ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும். அவசர மனுவை ஒரு வாரத்துக்குள் தீர்க்கும் அதிகாரத்தைக் குழுவுக்கு அளிக்க வேண்டும்.

இரண்டாவது, நுழைவுத் தேர்வு அறிவிப்புகளை உரிய மாதத்திலேயே பள்ளிவாசல் பலகையில் ஒட்டவும், விண்ணப்பிக்க உதவவும் படித்த இளைஞர்கள் நால்வர் பொறுப்பேற்க வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடநூலைப் படிக்கும் பயிற்சியையும் அவர்களே வார இறுதியில் அளிக்கலாம்.

மூன்றாவது, பெற்றோர்க்கு. மகளுக்கு மதுரையிலோ கோவையிலோ இடம் கிடைத்தால், மறுக்கும் முன் ஒரு முறை அவ்விடத்தை நேரில் சென்று பாருங்கள். துணைக்கு நாங்கள் வருகிறோம்.

இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு பிள்ளையை அந்த இடைவெளியைத் தாண்டச் செய்தால் போதும். பத்து ஆண்டுகளில் பத்துப் பேர். அவர்களில் ஒருவர் நமது மலைவாழைக்கோ, நமது குழந்தைகளின் இரத்த நோய்க்கோ தீர்வு காண்பவராக இருக்கலாம். அடுத்த மனு வரும்போது கடைசி நாள் கடந்துவிடாதிருக்க, இன்றே தீர்மானத்தை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வல்ல இறைவன் நம் முயற்சிக்குத் துணை நிற்பானாக.