வீட்டில் தனித்திருக்கும் நாய்



உங்களில் பலருடைய வீடுகளில் நாய் இருக்கும். காலையில் நீங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ புறப்படுகிறீர்கள். தந்தையார் அலுவலகம் செல்கிறார். அன்னையாரும் பணிக்குச் செல்வது இன்று பல குடும்பங்களில் வழக்கம். கதவு பூட்டப்படுகிறது. மாலை வரையில் அவ்வீட்டில் எஞ்சியிருப்பது நாய் ஒன்றே. அத்தனை நேரமும் அஃது என்ன செய்கிறது? முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இவ்வினாவைக் கேட்டிருந்தால், "வேறென்ன செய்யும்? உண்ணும், உறங்கும்" என்று தயங்காமல் விடை கூறியிருப்பேன். அவ்விடை தவறு. அத்தவற்றுக்கு நான் கொடுத்த விலையையும், பின்னர் நான் கற்ற பாடத்தையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் நடுகல் ஒன்று கண்டறியப்பட்டது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில் நாட்டப்பட்டது அது. கால்நடைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த வீரன் ஒருவனோடு, அவன் நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்பதும் கல்வெட்டுத் தரும் செய்தி. நாயின் இயல்பை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் பாருங்கள்! ஏறத்தாழ 15,000 ஆண்டுகளாகவேனும் மனிதனோடு ஒட்டி வாழ்ந்து வரும் உயிர் நாய். மனிதன் அருகில் இருப்பதே அதற்கு வாழ்வு. தனிமை அதன் இயற்கை அன்று. நாம் பொறுமையோடு அதற்குக் கற்பிக்க வேண்டிய ஒன்று. இதனை அறியாமல்தான் நான் பிழை செய்தேன்.

1994-ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உதவி ஆசிரியனாக இருந்தேன். என் மனைவியும் ஆசிரியை. எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் வளர்ந்தது. நாங்கள் இருவரும் பள்ளிக்குச் சென்ற பிறகு மணி கதவு நிலையைக் கடித்துச் சிதைக்கும், செருப்புகளைக் கிழிக்கும். மாலையில் நான் வந்து, கிழிந்த செருப்பைக் காட்டிப் பிரம்பால் அடிப்பேன். அது வாலை ஒடுக்கி, காதுகளைத் தாழ்த்தி, தரையோடு தரையாகப் பதுங்கும். 'தன் குற்றத்தை உணர்ந்துகொண்டது' என்று எண்ணிக்கொள்வேன். மறுநாளும் அதே கதைதான். முடிவில் ஒரு சங்கிலி வாங்கிவந்து, கொல்லைப்புறத்து வேப்ப மரத்தில் கட்டிவிட்டேன்.

அவ்வாண்டு மே மாதம் விடைத்தாள் திருத்தும் பணிக்காக அடுத்த ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது. மனைவி தம் தாய் வீட்டுக்குச் சென்றிருந்தார். காலை ஏழு மணிக்கு மணியை நிழலில் கட்டி, தகரக் குவளையில் தண்ணீர் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். மாலை ஆறு மணிக்குத் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. வழக்கமாகத் தெருமுனையிலேயே கேட்கும் குரைப்பொலி அன்று இல்லை. 'பரவாயில்லை, ஒழுங்கைக் கற்றுக்கொண்டது' என்று மகிழ்ந்தவனாகவே கொல்லைப்புறம் சென்றேன்.

சங்கிலி மரத்தை இறுகச் சுற்றிக்கொண்டு, ஒரு முழ நீளமே எஞ்சியிருந்தது. குவளை கவிழ்ந்து கிடந்தது. காலையில் நிழலாக இருந்த இடத்தில் நண்பகல் வெயில் முழுவதும் விழுந்திருக்கிறது. மணி நாக்கு வெளியே தொங்கக் கிடந்தது. தண்ணீர் தெளித்து, வீட்டினுள் தூக்கிச் சென்று, என்னால் இயன்றதெல்லாம் செய்தேன். அன்றிரவே அது இறந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன், என் மாணவன், மறுநாள் வந்து சொன்னான்: "ஐயா, காலையிலிருந்து குரைத்துக்கொண்டே இருந்தது. உச்சிப் பொழுதுக்குப் பிறகு நின்றுவிட்டது. நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்."

அந்தச் சொல் இன்றளவும் என் காதில் இருக்கிறது.

நாயின் உடலில் நம்மைப் போல் எங்கும் வியர்ப்பதில்லை. அடிப்பாதங்களில் சிறிதளவே வியர்க்கும். நாக்கை நீட்டி இளைப்பதன் வாயிலாகவே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். அது 41 பாகையைக் கடந்தால் உயிருக்கே இடர். ஆகவே, நிழலும் நீரும் காற்றும் நாய்க்கு நாம் செய்யும் சலுகைகள் அல்ல. அதன் உயிர் நிலைகள்.

மாணவர்களே, எனக்கு வெட்கம் தரும் செய்தி இன்னொன்றும் உண்டு. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தார்ண்டைக்கின் கற்றல் விதிகளையும் பாவ்லவின் நாய்ச் சோதனைகளையும் படித்துத் தேர்வு எழுதியவன் நான். ஒரு செயலின் விளைவு அச்செயலை உடனே தொடர்ந்து வந்தால்தான் உயிர் அதனால் கற்கும் என்பது அங்கே கற்ற பாடம். காலை ஒன்பது மணிக்குக் கிழித்த செருப்புக்கு மாலை ஆறு மணிக்கு அடி விழுந்தால், நாய் கற்பது என்ன? 'தலைவர் வந்தால் வலி வரும்' என்பதையே அது கற்கும். அது பதுங்கியது குற்ற உணர்வால் அன்று. 2009-ஆம் ஆண்டில் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதனைச் சோதித்துக் கண்டார். தின்னக் கூடாததைத் தின்ற நாயாயினும் தின்னாத நாயாயினும், வளர்ப்பவர் கடிந்துகொண்டபோதுதான் அந்தக் 'குற்றவாளி முகம்' மிகுதியாகத் தோன்றிற்று. செய்த பிழைக்கும் அம்முகத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. மணி கதவைக் கடித்தது குறும்பால் அன்று. அச்சத்தால், துணையற்ற கலக்கத்தால் என்பதை நான் உணர்வதற்குள் காலம் கடந்துவிட்டது.

அதன்பின் பதினாறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் நாய் இல்லை. 2010-இல் என் மகள் தெருவில் கிடந்த கரிய குட்டி ஒன்றை எடுத்து வந்தாள். "அப்பா, இந்த முறை சங்கிலி வேண்டாம்" என்றாள். அவள் வேறொன்றும் சொல்லவில்லை. நானும் ஒப்புக்கொண்டேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் எவரும் அறிந்த முறை ஒன்றுண்டு. முதல் நாள் அழும் குழந்தையின் தாயைத் திண்ணையில் அமரச் செய்வோம். அடுத்த நாள் அவர் சிறிது நேரம் சென்று வருவார். அதற்கடுத்த நாள் இன்னும் சிறிது நேரம். 'அம்மா போனால் திரும்பி வருவாள்' என்னும் உறுதி மனத்தில் ஊன்றியபின் குழந்தை தானே விளையாடத் தொடங்கும். கருப்பனுக்கும் நாங்கள் அப்பாடத்தையே நடத்தினோம். முதலில் ஒரு நிமிடம் வெளியே சென்று திரும்பினோம். பிறகு இரண்டு, ஐந்து, பத்து நிமிடம் என்று படிப்படியாக நீட்டினோம். அது கலங்கினால் ஒரு படி பின்வாங்கினோம். சாவிக்கொத்தின் ஓசையைக் கேட்டதுமே அது நடுங்கத் தொடங்கியதைக் கண்டோம். இது பாவ்லவ் காட்டிய உண்மையே அன்றோ? ஆகவே, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே செல்லாமல் நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படித்தேன். பன்முறை இவ்வாறு செய்தபின் சாவியோசை வெறும் ஓசையாயிற்று. புறப்படும்போதும் திரும்பும்போதும் ஆரவாரம் செய்யாமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

அடுத்தது, அதற்கு வேலை கொடுத்தல். புறப்படுவதற்கு முன் அரை மணி நேரம் நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது வேகமாக இழுத்துச் செல்ல வேண்டும் என்பதில்லை. நின்று நின்று முகர விடுங்கள். நமக்குக் கண் எப்படியோ, நாய்க்கு மூக்கு அப்படி. உணவு முழுவதையும் தட்டில் கொட்டிவிடாமல், ஒரு பகுதியைப் பழைய துணி மடிப்புகளுக்குள்ளும் அறை மூலைகளிலும் ஒளித்து வையுங்கள். அதனை மோப்பம் பிடித்துத் தேடுவதே அதற்குப் பெரிய விளையாட்டு. நடுவே குழிவுள்ள கெட்டி ரப்பர் பொம்மைகள் கடைகளில் கிடைக்கின்றன. அக்குழிவில் தயிர்ச் சோற்றை அடைத்துக் குளிரப் பெட்டியில் உறைய வைத்துக் கொடுத்தால் நெடுநேரம் நக்கிக்கொண்டிருக்கும். எந்தப் பொம்மையையும் முதலில் நீங்கள் அருகிலிருந்து பார்த்த பின்னரே தனியே விடுங்கள். பிய்த்து விழுங்கினால் குடலை அடைக்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறையில், எளிதில் கவிழாத கனமான தொட்டிகள் இரண்டில் தண்ணீர் இருக்கட்டும். நீங்கள் உடுத்த பழைய துணியொன்று அதன் படுக்கையில் கிடக்கட்டும். உங்கள் மணமே அதற்குத் துணை. நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடாமல் இருப்பது நலம். அதற்கு மேல் ஆகுமானால், நடுவில் ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குட்டியாயின் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மையார் நண்பகலில் வந்து கருப்பனை வெளியே அழைத்துச் சென்று வருவார். பட்டாசு வெடிக்கும் தீபாவளி நாளில் மட்டும் அதனைத் தனியே விடவே வேண்டாம்.

நாய் தனிமையில் என்ன செய்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பார்க்கும் வசதி இன்று உண்டு. முதல் அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். கலக்கம் பெரும்பாலும் அப்போதே வெளிப்படும். ஓயாமல் ஊளையிடுதல், வாயில் நீர் ஒழுகுதல், வாயிற்கதவைப் பிறாண்டித் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கண்டால் பிரம்பைத் தேடாதீர்கள். கால்நடை மருத்துவரைத் தேடுங்கள்.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டிலேயே விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நியாயமற்ற அளவுக்குக் குறுகிய சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை உலாவ விடாமல் இருப்பதும் அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். இதனை உங்கள் தெருவில் உள்ளவர்களுக்குப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, "நண்பகலில் நான் வந்து தண்ணீர் வைக்கட்டுமா, ஐயா?" என்று கேட்பது மேலும் பயன் தரும்.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஓசையற்ற வகுப்பறையைக் கண்டு மகிழ்ந்தவன் நான். அன்று மாலை மணியின் அமைதியைக் கண்டும் அவ்வாறே மகிழ்ந்தேன். மனநிறைவால் வரும் அமைதி ஒன்று. களைத்து, நம்பிக்கை இழந்து வரும் அமைதி வேறொன்று. இரண்டும் வெளியிலிருந்து கேட்பவனுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே சென்று பார்ப்பவனுக்கே வேறுபாடு விளங்கும். நாளைக் காலை வீட்டைப் பூட்டுமுன் ஒரு முறை திரும்பிப் பாருங்கள்: தண்ணீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, தேடுவதற்கு ஏதேனும் இருக்கிறதா என்று. அவ்வளவு செய்தால் போதும். மாலையில் கதவைத் திறக்கும்போது உங்களை வரவேற்க ஓர் உயிர் மகிழ்ச்சியோடு காத்திருக்கும்.