புதிய நாட்டின் குடிமகளாக

(வெளிநாடு செல்லும் செவிலியருக்கான வழியனுப்பு ஆராதனையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நமது நர்ஸிங் பள்ளியில் பயின்ற சகோதரிகள் சிலர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படுகிறார்கள். முன்னமே சென்ற சிலர், "குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுகிறார்கள். இவர்களுடைய படிப்புக்குக் கைகொடுத்த நீங்களும் அத்தேர்வைப் பற்றி அறிவது நல்லது.

முதலாவது, பயம் வேண்டாம். கம்ப்யூட்டரில் 20 கேள்விகள், 45 நிமிடம். 15 விடைகள் சரியாக இருக்கவேண்டும். ஆனால் 2020 நவம்பர் முதல் ஒரு நிபந்தனை உண்டு. அந்நாட்டின் விழுமியங்களைப் பற்றிய 5 கேள்விகளுக்கும் தவறின்றி விடை தரவேண்டும். அவற்றில் ஒன்று தவறினால், மற்ற 19 சரியாயிருந்தும் தேர்ச்சி இல்லை. கேள்விகள் எல்லாம் 'அவர் காமன் பாண்ட்' என்ற அரசாங்கக் கையேட்டிலிருந்தே வரும். அது இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. தேர்வோ ஆங்கிலத்தில்தான். ஆகவே தமிழில் படித்துப் பொருளை உணருங்கள், பின்பு ஆங்கிலத்தில் படியுங்கள். நைட் டியூட்டிக்கு நடுவே மருந்து அளவுகளை மனப்பாடம் செய்த உங்களுக்கு இது பெரிய மலையல்ல.

இரண்டாவது, மார்க்குக்காக மட்டும் படிக்காதீர்கள். அந்நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகள் பல பத்தாண்டுகளாகத் தாய்மாரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அப்பிள்ளைகளை வைத்திருந்த இல்லங்களில் திருச்சபைகள் நடத்தியவையும் உண்டு. மிஷன் மக்களாகிய நாம் இதை மறைக்கலாகாது.

அப்படி வளர்ந்த ஒரு பாட்டியம்மா உங்கள் வார்டுக்கு வரலாம். யூனிபாரத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மார்க்குக்காகப் படித்தவள், "ஒத்துழைக்காத நோயாளி" என்று சார்ட்டில் எழுதுவாள். கருத்தாய்ப் படித்தவளோ நாற்காலியை இழுத்துப்போட்டு அருகே உட்காருவாள். கையேட்டில் படித்தது நோயாளியின் வாழ்க்கையாகவே எதிரே படுத்திருக்கும்.

மூன்றாவது, செலவைக் கணக்குப் பாருங்கள். தேர்வில் தேறியவுடன் குடிமகள் ஆகிவிடுவதில்லை. பொதுவாக விழாவில் உறுதிமொழி எடுக்கும்போதே அவ்வுரிமை வருகிறது. உறுதிமொழி இரண்டு விதம்: ஒன்றில் கடவுளின் பெயர் உண்டு, மற்றதில் இல்லை. எதையும் தெரிந்துகொள்ளலாம். நமது சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவுடன் இந்தியக் குடியுரிமை முடிந்துபோகிறது, பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்கவேண்டும். ஓ.சி.ஐ. அட்டை பெற்றால் வந்து தங்கலாம். ஆனால் வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்கவும் முடியாது.

ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கு இது காலம் கடந்து தெரியவந்தால் மனம் நொந்துபோவார்கள். விண்ணப்பிக்கும் முன்னே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நிரந்தர வதிவுரிமை இருந்தாலே அங்கு நர்ஸாகப் பணி செய்யலாம். ஆகவே அவசரம் வேண்டாம். ஏற்பதும் பாவமல்ல, ஏற்காதிருப்பதும் குறைவல்ல.

எருசலேமில் சேனாதிபதி தன் ரோமக் குடியுரிமையை மிகுந்த பணம் கொடுத்துப் பெற்றதாகச் சொன்னான். பவுலோ அதில் பிறந்தவர். அந்த உரிமையைக் கொண்டு அவர் சவுக்கடிக்குத் தப்பினார். அதைக் கொண்டே இராயனுக்கு அபயமிட்டு ரோமாபுரிக்கும் போனார். உரிமை அவருக்குப் பெருமைக்கல்ல, ஊழியத்துக்கே உதவிற்று. ஆஸ்திரேலியாவில் வாக்களிப்பது கட்டாயம். நோயுற்றோரும் முதியோரும் யாருடைய கையில் விடப்படுகிறார்கள் என்பதில் இனி உங்கள் வாக்குக்கும் பங்கு உண்டு.

பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை வாசியுங்கள். குடியிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி அவர் சொன்னார். சகோதரிகளே, அங்கே அதைத் தேடுங்கள். இவர்களைத் தாங்கிவந்த நண்பர்களே, இவர்கள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் உங்கள் ஜெபத்தில் இவர்களுக்குள்ள இடம் மாறாதிருக்கட்டும்.