அரிப்புக் கரை சேர்ந்த மாலுமியும் பங்கி இலையும்



மன்னாரிலிருந்து தெற்கு நோக்கிச் சிலாவத்துறைக்குச் செல்லும் கரையோரப் பாதையிலே, அருவி ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் அரிப்பு என்றோர் ஊர் உண்டு. அங்கே செல்வோர் பெரும்பாலும் அல்லிராணி கோட்டையைப் பார்க்கவே செல்வர். அது ஒரு ராணியின் கோட்டையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆள்பதியாயிருந்த பிறெடறிக் நோர்த் என்னும் ஆங்கிலேயர், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனக் கட்டிய மாளிகையின் எச்சம். கடல் அதனை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அரித்து வருகிறது. அதற்குச் சற்று அப்பால், போத்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் வைத்திருந்த சிறு கோட்டையொன்று சிதைந்து கிடக்கிறது. நான் சொல்லவந்த கதை இந்தச் சிறு கோட்டையின் வாயிலிலே முடிகின்ற கதை.

1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆம் திகதி, சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில், காட்டு வழியாக நடந்து களைத்த இரண்டு ஆங்கிலேயர் அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் றொபேட் நொக்ஸ். மற்றவர் அவருடைய தோழரான ஸ்டீவன் றட்லண்ட். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே பத்தொன்பதரை ஆண்டுகள் சிறையிருந்தவர் நொக்ஸ். சிறை என்றால் இருட்டறையும் சங்கிலியுமன்று. ஊரில் இருக்கலாம், உழலாம், வியாபாரம் செய்யலாம். நாட்டை விட்டுப் போகத்தான் இயலாது. திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே தந்தையாரோடு பிடிபட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. தந்தையார் மறு ஆண்டிலேயே காய்ச்சலில் மாண்டார். மகன் தொப்பி பின்னியும், சில்லறைப் பொருள்களைத் தலையிற் சுமந்து விற்றும் வயிறு வளர்த்தார். விற்கப் போகிறோம் என்ற சாட்டிலே வடக்குப் பகுதிகளுக்குப் போய்ப் போய் வழி பார்த்து வைத்தார். இறுதியில் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயா என்று சிங்களத்தில் வழங்கும் நம்முடைய அருவி ஆற்றின் கரையையே வழிகாட்டியாகக் கொண்டு அரிப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து மன்னார்க் கோட்டைக்கும், பின்னர் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் சென்று, 1680இல் இலண்டன் சேர்ந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் அக்கால இலங்கையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளிற் சிறந்தவற்றுள் ஒன்று.

இந்தக் கதையிலே பலரும் கவனியாமல் விடும் ஒரு சிறு செய்தி இருக்கிறது. இன்றைய பேச்சுக்கு அதுவே விதை.

வடக்கே சென்று வழி தேடிய நாட்களில் அப்பகுதி பல ஆண்டு மழை காணாதிருந்தது. குளங்களில் எஞ்சியிருந்த நீரோ எருமை உழக்கிய சேறு. அதைக் குடித்துக் கடுங்காய்ச்சலில் விழுந்து எழுந்தனர் நொக்ஸும் தோழரும். அப்பொழுது ஊரவர் ஒரு மாற்று மருந்து சொல்லிக்கொடுத்தனர். உலர்ந்த இலையொன்றை இடித்துத் தூளாக்கிக் கருப்பட்டியோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்பது. இலையின் பெயர் 'பங்கா' என்று எழுதுகிறார். தலை சுற்றியது, மயக்கம் வந்தது, பேதியோ வாந்தியோ வரவில்லை என்றும் குறிக்கிறார். அந்த இலை எதுவென்று உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். வடமொழியிலே பங்கா, தமிழ் மருத்துவ நூல்களிலே பங்கி, நாட்டு வழக்கிலே கஞ்சா.

அந்த மருந்து நோயைத் தீர்த்ததா? நொக்ஸ் தீர்த்தது என்றே நம்பினார். நாம் அவ்வாறு நம்ப வேண்டியதில்லை. வன்னியின் வறண்ட பகுதியிலே வந்த அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் மலேரியாவாகவே இருந்திருக்க வேண்டும். அது நீரைக் குடிப்பதால் வருவதன்று. நுளம்பு கடித்து வருவது என்பதை றொனால்ட் றொஸ் 1897இல் செக்கந்தராபாத்திலே கண்டுபிடித்த பின்னரே உலகம் அறிந்தது. மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்டவர்க்கு உடலிலே ஓரளவு எதிர்ப்பு ஏற்படும். நீர் தமக்குப் பழகிவிட்டது என்று நொக்ஸ் கருதியது, உண்மையில் நோய் பழகியதாகவே இருக்கலாம். பசுமந்தத்தையும் குமட்டலையும் அந்த இலை தணித்திருக்கும். அந்த அளவுக்கு அது உதவியிருக்கும். இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அதற்குக் காரணம் இலையுமன்று, கருப்பட்டியுமன்று.

இலண்டனிலே நொக்ஸுக்கு ஒரு நல்ல நண்பர் வாய்த்தார். அவர் விஞ்ஞானி றொபேட் ஹூக். நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. 1689ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி, வேத்தியற் கழகத்தின் முன்னிலையில் ஹூக் இந்தப் பங்கியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தன் மீதே பலமுறை சோதித்த ஒருவரிடமிருந்து கேட்ட செய்தி என்று சொன்னார். உண்டவர் தாம் செய்வது இன்னதென்று அறியார், சிரிப்பார், பாடுவார், பின்னர் உறங்குவார், விழிக்கும்போது பெரும் பசி இருக்கும். விதையையும் கொண்டுவந்து காட்டி, வேனிற்காலத்தில் விதைத்துப் பார்க்கப் போவதாகக் கூறினார். ஆகவே ஐரோப்பிய விஞ்ஞான சபையொன்றிலே இந்தச் செடியின் குணம் பேசப்பட்டபோது, அந்தப் பேச்சின் வேர் நமது அருவி ஆற்றுக் காட்டிலே இருந்தது.

இனி அடுக்களைக்கு வருவோம்.

நொக்ஸ் தின்றது வெறும் இலைத்தூள். நமது பரியாரிமாரோ அவ்வாறு கொடுப்பதில்லை. 'சுத்தி செய்தல்' என்றொரு முறை வைத்திருந்தனர். இலையைப் பச்சைச் சாயம் நீங்குமட்டும் பலமுறை நீரிற் கழுவி, உலர்த்தி, பசுநெய்யிலே மென்சூட்டில் வறுத்து, அதன் பின்னரே சாதிக்காய், சுக்கு முதலியவற்றோடு சூரணமாகவோ லேகியமாகவோ கூட்டுவர். சார்ங்கதர சங்கிதையிலே கிராணிக்குச் சொல்லப்பட்ட சாதிக்காய்ச் சூரணத்தில் பங்கி சேர்கிறது. 1839இல் கல்கத்தாவிலே டாக்டர் ஓஷாக்னசி இந்தச் செடியை ஆராய்ந்தபோது, கடைத்தெருவில் மாஜூன் என்னும் இனிப்புச் செய்வோர் இலையை நெய்யிற் காய்ச்சிப் பின்னர் சீனியும் பாலும் சேர்த்ததைக் கண்டு எழுதி வைத்தார். (இந்தியாவிலே தந்திக் கம்பிகளை முதன்முதல் ஓடவிட்டவரும் இவரே, ஒரு மனிதருக்கு எத்தனை வேலை!) பரியாரியானாலும் மிட்டாய்க்காரனானாலும் எல்லோரும் சூட்டையும் நெய்யையும் நாடினரே, ஏன்?

இதற்கு விடை 1964இல் கிடைத்தது எனலாம். அந்த ஆண்டிலே இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் கவோனியும் மெக்கூலமும், மயக்கம் தரும் பொருளாகிய டெட்றாஹைட்றோகனபினோல் என்பதைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். பச்சைச் செடியிலே அந்தப் பொருள் பெரும்பாலும் அவ்வடிவில் இருப்பதில்லை. ஓர் அமிலமாக இருக்கிறது; அமிலத்துக்கு மயக்கும் ஆற்றல் இல்லை. சூடு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போக, எஞ்சியது மயக்குகிறது. அது நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். ஆகவே நீரிற் கழுவினால் சாயமும் சில கசடுகளும் போகும், மயக்கம் போகாது. நெய்யில் வறுத்தாலோ மயக்கம் முழுவதும் நெய்க்கு வந்துவிடும். பரியாரி 'நஞ்சு நீக்குகிறேன்' என்று செய்த காரியத்தின் பாதி, உண்மையில் மருந்தின் வீரியத்தைத் தட்டி எழுப்பிய காரியம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எழுப்புவதை அறிந்தவர் அளவையும் அறிந்திருந்தனர். குன்றிமணி எடையிலே நிறுத்து, நோயாளியை முன்னே இருத்திக் கொடுத்தனர்.

அளவு அறியாதவர் கைக்கு அந்த நெய் போனால் என்ன ஆகும்? இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நான் நேரே கண்டது. ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன்.

நம் தீவின் வடகரையிலே ஒரு வாடி. சோளகம் முடிந்து கடல் அடங்கியிருந்த காலம். பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன், தகப்பனோடு கடலுக்குப் போய்வருபவன். நண்பன் ஒருவன் தாளிற் சுற்றிய இனிப்புருண்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறான். மதனமோதகம் என்று பெயர் சொல்லி விற்பார்களே, அதைப் போன்றது. அல்லது அந்தப் பெயரிலே யாரோ வீட்டிற் கிண்டியது. தின்று அரை மணியாயிற்று, ஒன்றுமில்லை. முக்கால் மணியாயிற்று, ஒன்றுமில்லை. 'இது வெறும் சர்க்கரை' என்று இரண்டாவதையும், பின்னர் மூன்றாவதையும் தின்றான். புகைத்தால் சில நிமிடத்திலே தலைக்கு ஏறுவது, தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை தாமதிக்கும். வயிறு அரைத்துக் கல்லீரலுக்கு அனுப்ப வேண்டும். கல்லீரலோ அதனை இன்னும் கடுமையான வேறொரு பொருளாக மாற்றி மூளைக்கு அனுப்பும். இதை அவனுக்குச் சொன்னவர் இல்லை. மூன்று உருண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

நான் போனபோது இரவு எட்டு மணி. பிள்ளை சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, தான் செத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நெஞ்சு படபடக்கிறது, கை குளிர்ந்திருக்கிறது. தாய் தேசிக்காய் பிழிந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒருவர் புளி கரைக்கச் சொன்னார், ஒருவர் மோர் என்றார். பெரியவர் ஒருவர் தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுப்பிக்கச் சொன்னார். அதை மட்டும் நான் தடுத்தேன்; அரைமயக்கத்தில் இருப்பவனுக்கு வாந்தி மூச்சுக் குழலில் இறங்கினால் அதுவே எமன்.

அன்று படகு தள்ளவில்லை. தகப்பனார் என்னைப் பார்த்து, "மாஸ்டர், பொலிசுக்குத் தெரிஞ்சால் என்ன செய்வினம்?" என்று மெதுவாகக் கேட்டார். பிள்ளை சாவானா என்பதை அவர் முதலிற் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆயினும் அவர் மேற் குற்றமில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவுதான் கடல். 1964ஆம் ஆண்டுப் புயல்வரை அந்த வழியே கப்பல் ஓடிற்று, மக்கள் போய்வந்தனர். இன்று அதே நீரிலே இரவில் வருவது கேரளக் கஞ்சா என்று பத்திரிகைகள் எழுதும் பொதிகள். கடற்படையினர் துரத்தினால் பொதியைக் கடலில் எறிந்துவிடுகின்றனர். அது பேசாலைப் பக்கமோ தாழ்வுபாட்டுப் பக்கமோ கரை ஒதுங்குகிறது. விடிகாலை வலை இழுக்கப் போனவன் அதைத் தொட்டாலும் வழக்கு, தொடாமல் அறிவிக்கப் போனாலும் விசாரணை என்ற அச்சம் கரையெங்கும் இருக்கிறது. 1929ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவை வளர்ப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியருக்கு மருந்துக்கென மட்டும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. வீட்டு அடுப்புக்கு அந்த வாயில் இல்லை. உருண்டையாகப் பிடித்து இனிப்புப் பூசினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது கஞ்சாவே.

கரை ஒதுங்கிய பொதியைப் பற்றி இன்னொன்று. உப்புநீரில் ஊறி, வெயிலிற் காய்ந்து, மீண்டும் ஊறிய அந்தச் சரக்கிலே பூஞ்சணம் பிடித்திருக்கும். அதன் வீரியம் எவ்வளவென்று விற்பவனுக்கே தெரியாது. நொக்ஸ் தின்ற இலையிலே பிசின் குறைவு, பச்சையாகவே தின்றார். தலை சுற்றியதோடு போயிற்று. இன்று வருவது பூங்கொத்து, பிசின் செறிந்தது. அதை நெய்யிலே காய்ச்சினால் ஓர் உருண்டையில் எவ்வளவு, அடுத்த உருண்டையில் எவ்வளவு என்று எந்தக் கரண்டியும் சொல்லாது. ஒரே தட்டிலே ஒன்று சர்க்கரை, ஒன்று இடி.

அந்த இரவுக்கு மீள்கிறேன். தகப்பனாருக்கு, "வைத்தியசாலையிலே முதலிற் பார்ப்பது உயிரை" என்றேன். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம்; சுவசெரிய வண்டி வந்தது; கட்டணம் கேட்கவில்லை. வரும்வரை விளக்கைத் தணித்து, கூட்டத்தை வெளியே அனுப்பி, தாயை மட்டும் பக்கத்திலே இருத்தினோம். படுத்தபோது ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தேசிக்காய்ச் சாற்றை ஊற்றவில்லை. அது ஏறிய மயக்கத்தை இறக்குவதில்லை. என்ன தின்றான், எத்தனை, எத்தனை மணிக்கு என்பதைத் தகப்பனாரே வைத்தியரிடம் ஒளிக்காமற் சொன்னார். பெரியவர்களாயின் பெரும்பாலும் உறங்கி எழுந்து தெளிவர். சின்னஞ்சிறு பிள்ளை மிட்டாய் என்று எடுத்துத் தின்றுவிட்டாலோ மூச்சே தளர்ந்துவிடும், ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது என்று அந்த வைத்தியர் அன்று எங்களுக்குச் சொன்னார்.

பிள்ளை மறுநாட் பிற்பகலிலே வீடு வந்தான். ஹூக் சொன்னது போலவே பெரும் பசி. தாய் சோறும் பாரைமீன் குழம்பும் வைத்தாள். அவன் தின்று கொண்டிருக்கையிலே அவள் அலமாரியைத் திறந்து, மிஞ்சியிருந்த ஒற்றை உருண்டையை எடுத்து, அடுப்பிற் போடப் போனாள். "அடுப்பிலே வேண்டாம், அக்கா" என்றேன். வீட்டில் சின்னவள் ஒருத்தி இருந்தாள். புகை அவளுக்கு ஆகாது. உடையார் வளவுக்குப் பின்னாலே குழி தோண்டி, சாணித் தண்ணீரோடு கலந்து மூடினோம்.