உதடு கற்றுக் கொடுத்த பாடம்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் ஒருவருக்காவது பயன்படும் என்று காரியதரிசி வற்புறுத்தியதால் பேசுகிறேன்.

கீழ்த்தாடையின் வலப்பக்கம் சிறு வீக்கம். வலி இல்லையே என்று இரண்டு வருஷம் அலட்சியமாக இருந்தேன். பல் ஆடியபிறகுதான் எக்ஸ்ரே எடுத்தேன். திசுப் பரிசோதனையில் 'அமீலோபிளாஸ்டோமா' என்று தெரிந்தது. பல்லின் எனாமலை உண்டாக்கும் திசுவிலிருந்து வளரும் கட்டி. புற்றுநோய் அல்ல, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். சுரண்டி எடுத்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகம். ஆகவே தாடை எலும்பில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை வைத்துச் சரிசெய்தார்கள்.

கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்தத் தாடை எலும்புக்குள்தான் ஓடுகிறது. என் விஷயத்தில் அதையும் சேர்த்தே எடுக்கவேண்டியிருந்தது. "உதடு மரத்தால் மரக்கட்டும், கட்டி போனால் சரி" என்றேன். என் ஆத்துக்காரிதான், "நரம்புக்கு ஒட்டுப்போட முடியாதா?" என்று டாக்டரைக் கேட்டாள். முடியும் என்றார். கணுக்காலுக்கு மேலே சூரல் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, அதே ஆபரேஷனில் மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்தார்கள். பாதத்தின் வெளி ஓரம் கொஞ்சம் மரத்திருக்கிறது, நடக்கத் தடையில்லை.

ஒட்டுப்போட்ட துண்டு வெறும் பாதைதான். பழைய நரம்பின் இழைகள் அதன் வழியே நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரவேண்டும். அதுவரை காபி சுட்டது கொப்புளம் வந்தபின்தான் தெரியும். உதட்டில் சாதம் ஒட்டியிருந்தால், எதிர்ப்பந்தியிலிருந்து அவள் ஜாடை காட்டுவாள்.

ஆறாம் மாதம் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு வந்தது. நல்ல அறிகுறி என்றார் டாக்டர். பிறகு சூடும் குளிர்ச்சியும் தெரிந்தன. தினமும் கண்ணாடி முன் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் உதட்டைத் தடவி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு எந்த இடம் என்று சொல்லிப் பழகினேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், அவள் ஜாடை காட்டுவதற்குள் நானே துடைத்துக்கொண்டேன்.

இரண்டே வேண்டுகோள். வலியில்லாத வீக்கமானாலும் உடனே காட்டுங்கள். தாடை ஆபரேஷன் என்றால், நரம்பு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். எல்லோருக்கும் ஒட்டு பொருந்தாமல் போகலாம்; கேட்பதில் தவறில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது.