ஆயிரத்தில் ஒரு பங்கு கேட்கிறோம்

(போளூரில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



சால்வைக்கும் நன்றிக்கும் ஏற்கெனவே அரைமணி நேரம் போய்விட்டது. அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

2018 மே 9. தேதி மறந்திருக்கலாம், ஊர் மறந்திருக்காது. இதோ, பக்கத்து அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்தது. வழியில் பார்த்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்று செய்தி. நம் வீட்டுக்கு வருகிற அத்தையும் சித்தியும் செய்கிற காரியம்தானே? பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஒரு குரல் கிளம்பியது. ஊர் திரண்டது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். கூட வந்தவர்கள் குற்றுயிரும் குலையுயிருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அடித்தவர்கள் யாரும் கூலிப்படை இல்லை. நம்மைப்போல ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறவர்கள். அவர்கள் கையில் தடியைக் கொடுத்தது எது? வாரக்கணக்கில் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்த எச்சரிக்கைகள். வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கிவிட்டது, உஷார், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். பெற்ற வயிறு பதறத்தானே செய்யும்? அந்தப் பதற்றத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது பாகிஸ்தானில், கராச்சியில், ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப்படத்தில் அதே இரண்டு பேர் திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம் ஆட்களைக் கொல்லக் கிளம்பியது, வெறும் ஒரு வெட்டில்.

அதற்குத்தான் போலீஸ் இருக்கிறதே, ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் போதாதா என்கிறார்கள். போதாது. 2018 ஜூன் 28, திரிபுரா மாநிலம். வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்ல அரசாங்கமே ஓர் ஆளை அனுப்பியது. பிள்ளை பிடிப்பவன் என்று சொல்லி அவரையே அடித்துக் கொன்றது கூட்டம். ஊர் கொதித்த பிறகு அனுப்புகிற மைக் என்ன செய்யும்? அடுத்த மாதமே வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் பூட்டுப் போட்டது. ஐந்து பேருக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஐந்து பேருக்கு அனுப்பக் கற்றுக்கொள்ள நமக்கு எத்தனை நாள் ஆனது? ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 2023 மார்ச். இந்த முறை வதந்திக்கு இலக்கானது நம் மாநிலமே. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைத் தேடித்தேடி வெட்டுகிறார்கள் என்று இந்தியில் வீடியோ பறந்தது. அதில் ஒன்று ராஜஸ்தானில் வேறு ஏதோ காரணத்துக்காக நடந்த கொலை. திருப்பூரிலும் கோவையிலும் பனியன் கம்பெனியிலும் பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள் பயந்துபோய் ரயில் ஏறினார்கள். பீகார் அரசு இங்கே ஒரு குழுவையே அனுப்பியது. நம் அதிகாரிகள் இந்தியில் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. நல்லது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். சென்னையில் ஓர் அலுவலகம் பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அத்திமூர் காத்திருக்குமா?

பதிலுக்கு ஒரு பழைய கதை. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். 1991இல் எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டனாக இருந்தேன். அப்போது எனக்கு மீசை கறுப்பு. பகலெல்லாம் கல்குவாரியில் கல் உடைத்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காருவார்கள் பெண்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அந்த இயக்கத்தில்தான். என் மையத்தில் ஓர் ஆத்தா. பலகையில் பெயரை எழுத அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. ஒருநாள் வட்டிக்காரர் கொண்டுவந்த கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது, "இருப்பா, எம்புட்டு எழுதியிருக்கேன்னு படிச்சுப் பாத்துக்கிறேன்" என்றார். எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. வட்டிக்காரர் முகம் போன போக்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த ஆத்தாவுக்கு யார் பத்திரத்தில் பொய் எழுதுவார்கள், யார் எழுதமாட்டார்கள் என்று நாங்கள் பட்டியல் கொடுக்கவில்லை. படிக்கச் சொல்லிக் கொடுத்தோம்.

இன்றைக்குத் தேவைப்படுவது அந்தப் படிப்பின் அடுத்த வகுப்பு. யார் அனுப்பினார்கள், எப்போது எடுத்த படம், எந்த ஊர், முழுதாக இருக்கிறதா, இதை நான் நம்பினால் யாருக்கு லாபம். ஊடகக் கல்வி, எண்மக் குடிமை என்றெல்லாம் பெரிய பெயர் வைக்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான்.

பிள்ளைகளால் முடியுமா என்கிறீர்களா? போன வருடம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் கொஞ்ச நேரம் பேசக் கூப்பிட்டார்கள். என் போனில் வந்திருந்த ஒரு வெள்ளப் படத்தைக் காட்டினேன். கீழே "சென்னை, இன்று காலை" என்று போட்டிருந்தது. போன் கைமாறிக் கைமாறிப் போனது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, "சார், இது மெட்ராஸ் இல்ல சார். கடை போர்டுல தெலுங்கு எழுதியிருக்கு" என்றாள். பக்கத்துப் பையன் விடவில்லை. "மெட்ராஸ்லயும் தெலுங்கு போர்டு இருக்கலாம்ல?" அவள் மறுபடி விரித்தாள். "ஆட்டோ நம்பரப் பாரு. டி.என். இல்ல, ஏ.பி." என் கதையைக் கேட்டால், அந்தப் படத்தை முந்தின நாள் நானே என் தங்கச்சிக்கு அனுப்பியிருந்தேன். வெட்கத்தோடுதான் இங்கே சொல்கிறேன்.

அந்தப் பாடம் நாற்பது நிமிடம். அதுவும் கணக்கு வாத்தியார் கடன் கொடுத்த பீரியடு. நீதிபோதனை பீரியடைக் கணக்கு வாத்தியார்கள் வாங்கிக்கொள்வது நாம் அறிந்த கதை. அவர்களிடமிருந்து ஒன்றைத் திருப்பி வாங்கியது என் வாழ்நாள் சாதனை. (சிரிப்பு)

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா கல்வித் திட்டப் பணம் 2,152 கோடியை நிறுத்திவைத்தது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, பணம் தருகிறேன் என்றது. அந்த அநியாயத்தை எதிர்த்து இதே மைதானத்தில் நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி மாநில அரசு எல்லாவற்றுக்கும் கையை விரிக்கவும் முடியாது. 2011இலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தோம். ஸ்மார்ட் வகுப்பறை கட்டினோம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட் வாங்கினோம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இரண்டு கையையும் தட்டுகிறேன். ஆனால் பெட்டியை வாங்கக் கோடிகளைக் கொட்டிவிட்டு, பெட்டிக்குள்ளே வருகிற பொய்யைப் பிரித்துப் பார்க்கச் சொல்லித்தரத் தனியாக ஒரு கணக்குத் தலைப்புகூட வேண்டாமா?

எங்கள் கோரிக்கை பள்ளிக் கல்விப் பணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுமார் 47 கோடி. மாநிலத்தில் 37,000க்கு மேல் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. வகுத்துப் பாருங்கள், ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாயைச் சுற்றி வரும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு வருடம் முழுக்கச் சொல்லித்தர, நடுத்தரமான ஒரு செல்போன் விலை! இதற்கா கஜானா காலியாகும்?

சுற்றறிக்கை விட்டால் போதும் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியத் தோழர்களே, சுற்றறிக்கையில் பிறந்த பாடத்தின் கதி உங்களுக்குத் தெரியாததா? வட்டார வள மையத்தில் ஒருநாள் பயிற்சி. காலையில் பவர்பாயிண்ட், பதினொரு மணிக்கு டீ, மாலையில் கையெழுத்து. மறுநாள் துறையின் எமிஸ் இணையதளத்தில் "பயிற்சி பெற்றவர்" என்று டிக் விழும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2021இல் சட்டமே போட்டது, ஒவ்வொரு பொது உயர்நிலைப் பள்ளியிலும் ஊடகக் கல்வி கட்டாயம் என்று. பணம் மட்டும் ஒதுக்கவில்லை. பிறகென்ன, வாத்தியார்கள் தாங்களாகவே பாடத்தைத் தேடி அலைந்தார்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, வகுப்பறையில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தந்த வாத்தியாரின் தெம்பைப் பொறுத்தது.

பக்கத்து வீடான கேரளத்தைப் பாருங்கள். 2018இல் கண்ணூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தி வகுப்பைத் தொடங்கியது மாவட்ட நிர்வாகம். பிறகு மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் அதைக் கையில் எடுத்தது. 2022இல் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஏறக்குறைய இருபது லட்சம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புக் கணினிப் புத்தகத்திலேயே அது பாடமாக வந்துவிட்டது. பாலக்காட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது பொள்ளாச்சிப் பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாதா?

அரசு தராவிட்டால் என்ன, கம்பெனிகள் தருகின்றனவே என்று ஒரு கூட்டம் சொல்கிறது. 2020இல் சி.பி.எஸ்.இ. வாரியம் இணையப் பாதுகாப்புப் பாடத்துக்கு யாரோடு கைகோத்தது தெரியுமா? ஃபேஸ்புக்கோடு! சாராயக் கடைக்காரர் செலவில் மதுவிலக்கு மாநாடு. நாம் அதிக நேரம் பார்க்கப் பார்க்க அவர்களுக்கு விளம்பரக் காசு. கோபம் வந்தால் இன்னும் அதிக நேரம் பார்ப்போம். "இந்தச் செயலி ஏன் உன்னைக் கோபப்படுத்துகிறது?" என்ற கேள்வி அவர்கள் அச்சடித்த புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வரும்? மதிய உணவை இந்த மாநிலம் யாருடைய தயவுக்கும் விடாமல் பட்ஜெட்டில் வைத்தது. இதையும் அங்கேதான் வைக்க வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் காசு என்றால் அரசாங்கத்தின் கையும் கூடவே வரும். என்னைப் பற்றிய செய்தியில் எது உண்மை என்று நானே சொல்வேன் என்று ஒன்றிய அரசு 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. டெல்லிக்கு ஆகாத வேலை சென்னைக்கும் ஆகாது. ஆளும் கட்சிக்குப் பிடிக்காத செய்தியெல்லாம் பொய் என்று சொல்லித்தருகிற புத்தகமாக இருந்தால் அதை முதலில் கொளுத்துகிறவன் நான். பாடத்தை ஆசிரியர்களும் கல்வியாளர்களும் எழுதட்டும். முதலமைச்சர் பேசிய வீடியோவையும் எதிர்க்கட்சித் தலைவர் பேசிய வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு விரலால் விரித்துப் பார்க்கட்டும் அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண். இந்த மேடையில் நான் சொன்னதையும் சேர்த்துத்தான். நான் சொன்ன 46,767 கோடியைப் பட்ஜெட் உரையில் தேடிப் பாருங்கள் பிள்ளைகளே, தப்பாக இருந்தால் நாளைக்கு வந்து சட்டையைப் பிடியுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், அடுத்த கிராம சபையிலும் இந்த ஆயிரத்தில் ஒரு பங்கைத் தீர்மானமாக வையுங்கள். தலைவர் அவசரமாக அடுத்த பொருளுக்குப் போகப் பார்ப்பார், விடாதீர்கள். நோட்டில் எழுதி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தீர்மான வாசகத்தை இரண்டு பக்கத்தில் அச்சடித்து மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். முழுக்கப் படித்துவிட்டு, சரியென்று பட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.